முகமூடிக்காரன் கேட்ட தண்ணீர்

படம் பார்ப்பதற்கு மொழி தேவையில்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஐயா. ஒருவன் குதிரையில் வருகிறான். ஒருத்தி வாசலில் நிற்கிறாள். இதை விளங்கிக்கொள்ள இங்கிலீசு எதற்கு?

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கதிர்காமு. வயது நாற்பத்தொன்று. ஊர் புங்குடுதீவு, இறுப்பிட்டி. எண்பத்துநான்கில் லண்டனிலிருந்து என் மைத்துனர் ஒரு வீடியோ டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் பதினொரு கசெற்றுகளும் கொடுத்தனுப்பினார். கசெற்றுகளை ஏதோ பழைய சாமான் கடையில் அள்ளியிருக்கிறார். எல்லாமே கௌபோய்ப் படங்கள். எல்லாவற்றிலும் கறுப்பு முகமூடி போட்ட ஒரே வீரன். மலிவாக எடுத்த படங்கள். கதவை அறைந்து சாத்தினால் சுவர் ஆடும். ஒரே வண்டி ஒரே பள்ளத்துக்குள் மூன்று படங்களில் விழும். சூடுபட்டுச் செத்துக் கிடப்பவனின் மூக்கில் ஈ இருந்தால் அவன் முகத்தைச் சுளிப்பான். சனங்கள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. என்னைத்தான் கவனித்தார்கள்.

கதை சொன்னது நான்தானே. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் புகையிலைக் கொட்டிலில் படம் போடுவேன். ஜெனறேற்றர் வெளியே ஓடும். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, யார் என்ன பேசுகிறார் என்று தமிழில் சொல்வேன். எனக்கு இங்கிலீசு தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முகமூடிக்காரன் ஏன் முகத்தை மூடுகிறான் என்பதை நானே கண்டுபிடித்தேன். அவன் செத்துப்போனதாக ஊர் நினைக்கிறது. பெண்சாதி வெள்ளைச் சேலை கட்டிவிட்டாள். எதிரிகளிடமிருந்து அவளைக் காப்பாற்றத்தான் அவன் முகம் காட்டாமல் திரிகிறான். பதினொரு படத்துக்கும் இது பொருந்தியது. பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். ஆண்கள் தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, அடுத்த கிழமையாவது அவள் அவனை அடையாளம் காண்பாளா என்று கேட்டார்கள். அதற்கு முன் எனக்காக யாரும் சைக்கிளை விட்டு இறங்கியதில்லை.

வைத்திலிங்கம் கொழும்பில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்கு வந்தார். அப்போது ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். இங்கிலீசு நன்றாகத் தெரியும். இரண்டரை வருடம் வீட்டைவிட்டு வெளிக்கிடாமல் கிடந்தவரை மனைவி சீதேவிதான் ஒரு சனிக்கிழமை படத்துக்குக் கூட்டிவந்தார். எண்பத்தாறு, மாசி மாதம்.

அன்றைக்கு முக்கியமான கட்டம். முகமூடிக்காரன் அந்தப் பெண்ணின் வாசலில் இறங்கித் தொப்பியைக் கழற்றுகிறான். நான் குரலைத் தாழ்த்தி, "நீ தாலியைக் கழற்றினது எனக்குத் தெரியும். நான் இன்னும் சாகேல்லை" என்றேன். கொட்டிலில் ஒருவர்கூட இருமவில்லை. அப்போது வைத்திலிங்கம் சிரித்தார். சத்தமாக அல்ல, மூக்கால் வந்த சிரிப்பு. பக்கத்தில் இருந்த அன்னப்பிள்ளை என்னவென்று கேட்டு அவரை விடவில்லை. அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"குதிரைக்குத் தண்ணி கிடைக்குமோ எண்டு கேக்கிறான், அக்கா."

ஜெனறேற்றர் சத்தத்துக்கு மேலால் சிரித்தார்கள். போன கிழமை அழுதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். நான் படத்தை நிறுத்தவில்லை. கடைசிவரை சொல்லி முடித்தேன்.

மறுநாள் காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"கதிர்காமு, நீர் சொல்லுற கதை படத்தைவிடத் திறம். கடை எரிஞ்ச பிறகு நேற்றுத்தான் சிரிச்சனான். உம்மைப் பாத்துச் சிரிக்கேல்லை."

வேண்டுமென்றால் படத்தில் பேசுவதையெல்லாம் தமிழில் எழுதித் தருவதாகவும் சொன்னார். கதிரை போட்டு இருத்தினேன். தேத்தண்ணி கொடுத்தேன். நல்ல மனிதர். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். சிரிப்பதற்காக வந்தவர்கள். சித்திரையில் கொட்டிலை மூடினேன். குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்கு நின்றால் யாராவது, தண்ணி கிடைக்குமோ என்று கேட்பார்கள். எனக்குப் பேசிவந்த ஒரு கலியாணம்கூட இந்தப் பகிடி பெண்வீட்டார் காதில் விழுந்து நின்றுபோனது. நான் கோபப்படவில்லை. கோபம் என்றால் ஒரு மாதத்தில் ஆறிவிடும். இது ஐந்து வருடம் இருந்தது.

தொண்ணூற்றொன்றில் சுற்றிவளைப்பு. எந்தச் சீருடை என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த ஆண்டுகளில் சீருடைகள் மாறி மாறி வந்தன. காலையில் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வளவில் இருத்தினார்கள். அவர்கள் தேடியவர்கள் இரண்டு நாட்களுக்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஒவ்வொருவராக வகுப்பறைக்குள் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பவனை வைத்து விசாரித்தார்கள். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். தேடுகிற ஆட்களில் ஒருவரையும் தெரியாவிட்டால் பின்கதவால் வீட்டுக்குப் போகலாம் என்று மொழிபெயர்ப்பவன் சொன்னான். நான் போகவில்லை. முகத்தைப் பார்த்தால் சொல்வேன் என்றேன்.

தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, ஜீப்பில் இருத்தினார்கள். ஊரில் இதற்குத் தலையாட்டி என்று பெயர். சாக்குக்குள் இருப்பவன் ஓம் என்று ஆட்டினால் முன்னால் நிற்கும் ஆளைக் கொண்டுபோவார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வரிசையாக என் முன்னால் வந்து நின்றார்கள். பகிடி விட்டவர்களும் வந்தார்கள். ஒருவன் நின்றபடியே மூத்திரம் போய்விட்டான். எல்லோருக்கும் இல்லை என்றே தலையை அசைத்தேன். அன்றைக்கு நான் காப்பாற்றியவர்களையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். வைத்திலிங்கம் சாக்கைப் பார்த்தார். இரண்டு ஓட்டைகளுக்குள்ளும் நேராகப் பார்த்தார்.

"ஆரெண்டு தெரியேல்லை. பயப்பிடாதையும் தம்பி, உம்மில பிழையில்லை" என்றார்.

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். இந்த வயதுபோன ஆளா என்று மொழிபெயர்ப்பவன் திருப்பிக் கேட்டான். இரண்டாம் தரமும் ஆட்டினேன். ஒருதரம் மட்டும் என்றால் தவறுதலாக ஆட்டிவிட்டேன் என்று நினைப்பார்கள்.

பின்னேரம் என்னை விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பனங்கூடலுக்குள்ளால் வந்தேன். அங்கே அவர் குப்புறக் கிடந்தார். இரண்டு பேர் புதைக்கக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வடலிப் பனைகள் நிற்கும் மூலையில். இன்றைக்கும் இடத்தைக் காட்டுவேன்.

அடுத்த நாள் சீதேவி என்னிடம்தான் வந்தார். "தம்பி, உமக்கு ஆக்களோட கதைக்கத் தெரியும். அவரைத் தேட என்னோட ஒருக்கா வாறீரோ?" என்று கேட்டார். போனேன். நாலு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எத்தனையோ முகாம், எத்தனையோ அரசாங்கக் கந்தோர். வெயிலில் குடை பிடித்தேன். மனு எழுதுவித்தேன். திரும்பி வரும் வழியில் அவர் சோர்ந்துபோவார். அப்போது சொல்வேன்: தெற்கே ஒரு சிறையில் வைத்திலிங்கத்தைக் கண்டதாக ஒருவர் சொன்னாராம். மெலிந்துபோனாராம். உடம்பில் நீலச் சேட்டு. மூக்குக்கண்ணாடி உடைந்து நூலால் கட்டிப் போட்டிருக்கிறாராம். அந்த நூலை நினைத்துச் சீதேவி இரண்டு நாள் அழுதார். பிறகு புதுக் கண்ணாடி ஒன்று செய்வித்து அலுமாரியில் வைத்திருக்கிறார்.

சீதேவியைப் போலக் கதை கேட்டவர் ஒருவரும் இல்லை, ஐயா. ஒரு சொல்லைத் தவறவிடமாட்டார். நான் நிறுத்தினால், பிறகு என்று கேட்பார். சொந்தக்காரரெல்லாம் திவசம் செய்யச் சொல்லி அவரை வதைத்தபோது, அவருடைய பொட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். அந்தக் குடும்பத்துக்கு நான் குறை வைக்கவில்லை.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்டீர்கள். போன கிழமை சீதேவி அந்தச் சிறைக்கே போவதற்குப் பாஸ் எடுத்துவிட்டார். அங்கே ஒரு கிளாக்கர் கொப்பியைப் புரட்டி, அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். நாலு வருடமாக நான் சொல்லிவந்ததை இன்னொருவன் அப்படி முடிப்பது சரியில்லை.

சீதேவி வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். காணாமல்போனவர்களைப் பற்றிய உங்கள் விசாரணைக்கு, எனக்குச் சாட்சி இவர்தான் என்று என் பெயரைக் கொடுத்தவரே அவர்தான். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினால் தாங்கமாட்டார். எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். வைத்திலிங்கம் கடைசியாகச் சொன்னது சீதேவி என்ற பெயரைத்தான் என்று சொல்லலாம். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

கூப்பிடுங்கள். நான் சொல்லி முடிக்கும்வரை இடையில் ஒருவரும் பேசக் கூடாது.