காலி ஆணி

— நான் கேக்கறது ஒண்ணுதான் அண்ணி. அந்தச் சாம்பல் கலர் காரை மாதா கோயிலுக்குப் பின்னால கொண்டுபோய் ஒளிச்சது யாரு?

— விடிஞ்சும் விடியாம வந்து நின்னுக்கிட்டு இதைத்தான் கேக்கறியா, ஒரெஸ்தே? காப்பின்னா உக்காரு. விசாரணைன்னா வெளிய போ, நான் கூட்டணும்.

— அந்தக் கார்க்காரன் உங்க சத்திரத்துலதானே தங்கினான்?

— முந்தாநாள் காலை வரைக்கும். அப்புறம் மலைக்குப் போனார். எல்லாரையும் போல கார் சாவியை அந்த ஆணியில மாட்டிட்டுத்தான் போனார்.

— ஆணி காலியா இருக்கே.

— நேத்து மத்தியானமே காலிதான். இறங்கி வந்து எடுத்துட்டுப் போயிருப்பார். சாவி தொங்கினா ஆள் மேல, தொங்கலேன்னா ஆள் கீழ. உங்கப்பா அடிச்ச ஆணி. எனக்கே பாடம் எடுக்கறியா?

— இறங்கினவன் காரை எடுத்துக்கிட்டு அவன் ஊரு துரினுக்குப் போகவேண்டியதுதானே? மறைச்சு வெச்சுட்டு எங்க போனான்?

— அதை நான்தான் உன்னைக் கேக்கணும். இறங்கி வர்ற யாரும் என் கையால ஒரு வாய் கிராப்பா சாராயம் குடிக்காம சாவியைத் தொட்டதில்லை. இந்த மனுஷன் சொல்லாம கொள்ளாம போயிருக்கார்னா, வழியில நீ மறிச்சு ஏதோ மிரட்டியிருக்கே. அப்படித்தான் நெனச்சேன்.

— நானா? நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. பார்த்தேன், அவ்வளவுதான். மண்டி போட்டுக்கிட்டு இந்த வாசலை டேப் வெச்சு அளந்தான். ஒரு வாசலை எவன் அளப்பான் அண்ணி? வாங்கப்போறவன்தான் அளப்பான்.

— ஓ. அப்போ உன் கவலை காரு இல்லை. நான் வீட்டை விக்கறேன்னு சந்தேகம்.

— ஹோட்டல் கம்பெனிக்காரங்க கீழ் ஊர் வரைக்கும் வந்துட்டாங்க. பக்கத்துல இருந்த பழைய பாலாடைக்கட்டிக் கொட்டகையும் போச்சு. இது எங்க அண்ணன் செத்த வீடு. எங்கிட்ட கேக்காம இதுல ஒரு கல்லை அசைக்கக்கூடாது.

— உங்க அண்ணன் போனதுக்கப்புறம் ஒரு குளிர்காலமாவது இந்தக் கூரைப் பனியைத் தள்ள வந்தியா நீ? உரிமை மட்டும் சுடச்சுட வருது.

— பேச்சை மாத்தாதீங்க. அவன் எதுக்கு அளந்தான்?

— அவர் மனைவிக்குச் சக்கர நாற்காலி, ஒரெஸ்தே. கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு பேரும் சேர்ந்து ஏறின மலையாம். அடுத்த கோடைக்கு அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்து இந்த ஜன்னலண்டை உக்காரவெச்சு மலையைக் காட்டணுமாம். நாற்காலி உள்ள நுழையுமான்னு அளந்தார். கையகலம் இடம் பத்தலை. நிலைக்காலைச் செதுக்கிடலாம்னேன். அதுக்கே கண் கலங்கிட்டார்.

— கதை நல்லாத்தான் இருக்கு.

— நம்பாதே. உனக்கு அதுதானே பொழைப்பு.

— அவன் மாடியிலதான் இருக்கான். பத்திரத்துல கையெழுத்து வாங்காம போகமாட்டான். காரை மறைச்சா அவன் போயிட்டான்னு நான் நெனச்சுக்குவேன்னு ரெண்டு பேரும் போட்ட திட்டம்.

— போய்ப் பாரு. கதவெல்லாம் திறந்துதான் கிடக்கு. கட்டிலுக்கு அடியிலயும் பாரு, நீதான் ஃபாரஸ்ட் கார்டு இல்லையா. பூட்ஸைக் கழட்டிட்டு ஏறு.

— ஏறறேன்.

— என்ன? சீக்கிரம் இறங்கிட்டே?

— யாரும் இல்லை. படுக்கையில மடிப்புக்கூடக் கலையலை.

— இப்பவாவது உக்காரு. நேத்து ராத்திரி தூங்கலையா நீ? கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு.

— அந்த ஆளு ஏறும்போது என்ன சொல்லிட்டுப் போனான்?

— மேல மலை விடுதியைச் சாத்திட்டாங்க, அதுல பூட்டாம விடற குளிர்கால அறையில ஒரு ராத்திரி, மறுநாள் இறங்கிடுவேன்னார். நானும் எல்லார்க்கும் சொல்றதைச் சொன்னேன். ஆபத்துன்னா விளக்கை ஆறு தடவை அடிங்க, கொஞ்சம் நிறுத்துங்க, மறுபடி ஆறு. கீழ நாங்க பார்த்துட்டு எங்க விளக்கை அடிப்போம், அப்புறம் பயமே வேண்டாம்னேன். சின்னப்பிள்ளை மாதிரி விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

— ம்.

— விளக்குன்னதும் ஞாபகம் வருது. நேத்து இருட்டினதும் ஊர் விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னியே, எதுக்கு? மேய்ச்சல் முடிஞ்சு மலையிலேருந்து மாடு இறங்கின நாளு, சதுக்கத்துல அடுப்பு மூட்டி பொலெந்தா களி கிண்டிட்டு இருந்தோம். பாதியில எல்லாரையும் வீட்டுக்குத் துரத்திட்டே.

— திருட்டுத்தனமா மலையாடு சுடற பசங்க அண்ணி. மேல பாறைச் சரிவுல விளக்கு மின்னுச்சு. என் வீட்டுப் பின்பக்கத்துலேருந்துதான் தெரியும். வந்து உங்க ஆணியைப் பார்த்தேன், காலி. நம்ம கணக்குல மலையில ஆளே இல்லை. அப்போ திருடன்தானே? கீழ இருட்டா இருந்தா தைரியமா இறங்குவான், பாலத்துலயே புடிச்சிடலாம்னு துப்பாக்கியோட உக்காந்திருந்தேன்.

— வந்தானா?

— வரலை.

— விளக்கு?

— மின்னுச்சு. அவ்வளவுதான்.

— எப்படி மின்...

— டெல்ஃபீனா அக்கா, ஒரு காப்பி. கிராப்பா ஊத்தியே குடுங்க, தலை வெடிக்குது. கும்புடறேன் கார்டு. என் பொண்ணுங்க நேத்து எப்படி இறங்கினாங்க பாத்தீங்களா? கழுத்து மணியும் பூவுமா மகாராணிங்க.

— வா இப்பொலித்தோ. உன் மாடுங்க என் வாசல்ல போட்டுட்டுப் போனதை இன்னும் வழிச்சிட்டிருக்கேன்.

— வாயில்லாத ஜீவனுங்க, கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். வெளியூர்க்காரங்க காரை விடறதுக்கு ஒரு முறை வேண்டாமா? நட்ட நடுச் சதுக்கத்துல. என் பெரியவ அதுல கொம்பை வெச்சா யாரு பதில் சொல்றது?

— எந்தக் கார்?

— அந்தச் சாம்பல் கலரு. நேத்து காலையில வந்து கூப்பிட்டேன், நீங்க பின்னால தயிர் கடைஞ்சிட்டிருந்தீங்க போல, காதுல விழலை. சரின்னு நானே சாவியை எடுத்துட்டுப் போய் கோயில் பின்னால விட்டேன். திருப்பி மாட்டணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மாடு வந்துடுச்சு, அப்புறம் ஒயின் வந்துடுச்சு. இந்தாங்க. சட்டைப் பையிலேயே கிடந்திருக்கு.

— இப்பொலித்தோ.

— என்னக்கா? வண்டியில ஒரு கீறல்கூட இல்லை, சத்தியமா.

— ஐயோ, அப்போ அவர் இறங்கவே இல்லை.

— யாரு இறங்கலை?

— காப்பியை வெச்சுட்டு ஓடு. கோயில் மணியை அடி. கயிறு, கம்பளி, தூக்குக் கட்டில், எல்லாம் வரணும். ஆம்பளை பொம்பளை எல்லாரையும் எழுப்பு. ஓடுடா.

— கார்டு ஏன் இப்படி உக்காந்துட்டாரு?

— நீ ஓடுன்னேன். ஒரெஸ்தே, எழுந்திரு. துப்பாக்கியை அங்க போடு. என்னைப் பாரு. அந்த விளக்கு எத்தனை தடவை மின்னுச்சு?

— அண்ணி...

— நீ எண்ணாம இருந்திருக்கமாட்டே. உன்னை எனக்குத் தெரியும். எத்தனை?

— ஆறுதான் அண்ணி. ராத்திரி பூரா ஆறு ஆறா வந்துச்சு. திருடன் நம்ம அடையாளத்தைக் கத்துக்கிட்டு ஏமாத்தறான்னு நெனச்சு, என் வீட்டுல எரிஞ்ச ஒத்தை விளக்கையும் நான்தான் அணைச்சேன்.