பின்னட்டையில் ஒரு கை

— ஆணி போதுமாம்மா, இன்னும் கொஞ்சம் மேல அடிக்கட்டா?

— போதும்பா அர்ஜுனா. பெருமாள் படத்துக்குச் சரியா பக்கத்துல வருது. கண்ணாடி போட்டதும் உன் படம் ஜோராத்தான் இருக்குது.

— இத்தன நாளா பஜனை மடத்துல மாட்டி வெச்சிருந்தாங்க, தெரியுமில்ல. இன்னிக்குத்தான் வூட்டுக்குக் குடுத்தாங்க. கருட சேவைக்கு வந்த அத்தினி கூட்டத்துல மெட்ராஸ் பத்திரிகைக்காரன் என்னையத்தான் புடிச்சிருக்கிறான். கீழ இன்னா போட்டிருக்கிறான் பாரு, ‘பக்திப் பரவசத்தில் காஞ்சி வாலிபர்’.

— நானும் பாக்கட்டாண்ணா? மடத்துக்குள்ள பொம்பளைங்கள வுட்டாத்தான.

— நீ உள்ள போ கலா. உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வருது.

— அதே பத்திரிகையிலதான நானும் வந்திருக்கிறேன். நீ இடுப்புக்கு மேல துணியில்லாம நிக்கிற, உன்னைய சாமிக்குப் பக்கத்துல மாட்டுறாங்க. நான் முந்தானைய இழுத்துப் போத்திக்கினு மோர் குடுத்தேன், என்னைய வெந்நீர் அடுப்புல போட்டுட்ட.

— நான் ஆம்பள. சாமி முன்னாடி சட்டையக் கழட்டிட்டுத்தான் நிப்பேன். நீ பல்லக் காட்டிக்கினு நிக்கிற. ‘தாகம் தீர்ப்பது மோரா, முறுவலா?’ன்னு பின்னட்டையில போட்டு ஊரே சிரிக்குது, தெரியுமில்ல.

— அத நானா எழுதினேன்?

— எதுத்துப் பேசாதடி. பெருமாளே, கூரத்துலேருந்து மாப்ள பரமசிவம் வூட்டுக்காரங்க நிச்சயத் தாம்பூலத்தையே திருப்பி அனுப்பிட்டாங்க.

— அந்தப் பரமசிவம் அவரு சைக்கிள் கடை பூரா சினிமாக்காரிங்க படமா ஒட்டி வெச்சிருக்கிறாராமே. அவங்கல்லாம் சிரிக்கலியாம்மா?

— அவரு ஒட்டுவாரு. கட்டிக்கப் போறவ அப்டி நிக்கக் கூடாது. சிரிப்ப வுடு. உன் வெரலத் தொட்டுக்கினு ஒரு ஆம்பள கை டம்ளர வாங்குது. மூஞ்சி இல்ல, ஒடம்பு இல்ல, வெறும் கை. அது யாரு கைன்னுதான் கூரத்துல கேக்கறாங்க.

— எத்தன தடவ சொல்றது? தண்ணிப் பந்தல்ல நின்னுக்கினு ஊருக்கே மோர் குடுத்தேன். சிரிச்சது உனக்குக் குடுக்கறப்பத்தாண்ணா. கண்ண மூடிக்கினு பாடிக்கினே வந்து, டம்ளரக் காத்துல தேடின. சிரிப்பு வந்துடுச்சு.

— எனக்குக் குடுத்ததா எனக்கே ஞாபகம் இல்ல. அது நம்ம தெரு தறிக்கார முருகேசன் கை. பந்தல்ல உங்கூட நின்னவன் அவன்தான்.

— முருகேசன் அண்ணன் பானைலேருந்து மொண்டு ஊத்திக்கினு இருந்தாரு. வெவரம் தெரிஞ்ச நாளா நான் அவர அண்ணன்னுதான் கூப்புடறேன். அவரும் தங்கச்சின்னுதான் கூப்புடுவாரு.

— அதான் நேத்து அவன் வூட்டு வாசல்லயே வெச்சு நல்லா கேட்டுட்டு வந்தேன். இனிமே அந்தக் கை எவ வெரலையும் தொடாது.

— மணிக்கட்டு எலும்பு ஒடஞ்சிடுச்சுண்ணா. அவரு நெய்யற கல்யாணப் பொடவ பாதியில தறியில நிக்குது. காலைலேருந்து அந்த வூட்டுல தறிச் சத்தமே கேக்கல.

— கேக்காட்டிப் போவுது. இப்பத்தான் தெருவுல நாலு பேரு என்னைய மதிக்கிறான்.

— அண்ணா, உன் படத்துல ஓரமா இருக்கிறது நம்ம பந்தல் வாழமரந்தான?

— பந்தல்னா வாழமரம் கட்டத்தான் கட்டுவாங்க. பேச்ச மாத்தாத.

— கலா, எங்கடி ஓடுற? இப்ப ஏன் பொட்டியத் தொறக்கற?

— இதுக்குத்தாம்மா. அன்னிக்கி அடுப்புலேருந்து ஒண்ணு எடுத்து வெச்சேன். ஓரம் கருகியிருக்குது, படம் நல்லாத்தான் இருக்குது.

— அந்தப் பின்னட்டைய இன்னுமா வெச்சிருக்கற? குடு இப்டி.

— கிட்ட வராதண்ணா. அம்மா, அண்ணன் படத்துக்குப் பக்கத்துல இத ஒட்டினாப்புல புடி. அந்தப் பக்கம் இல்லம்மா, வலது பக்கம்.

— புடிச்சிட்டேன். இன்னாடி பாக்கணும்?

— அண்ணன் படத்து ஓரத்துல இன்னா தெரியுது?

— பாதி வாழமரம்.

— என் படத்துல?

— இதுலயும் பாதி வாழமரம். பெருமாளே, கிழிஞ்ச எல கூட ஒண்ணோட ஒண்ணு சேருதே.

— அண்ணன் ஒரு கையில சிப்ளாக்கட்ட வெச்சிருக்குது. இன்னொரு கை எங்க போவுதும்மா?

— நீட்டிக்கினு போவுது. மணிக்கட்டாண்ட படம் முடிஞ்சுபோச்சு. அர்ஜுனா, மீதி கை இங்க இருக்குதுடா. இவ வெரல் மேல.

— தள்ளும்மா, நான் பாக்கறேன். இது எப்டி. ஒரே படமா?

— ஒரே படம்தான். நடுவுல வெட்டி, உன் பாதிக்கு பக்தின்னு எழுதிட்டான், என் பாதிக்கு இத எழுதிட்டான். நீ வாங்கின பத்திரிகையிலெல்லாம் பின்னட்டையக் கிழிச்சு அடுப்புல போட்டுட்ட. அப்புறம் ரெண்டையும் யாரு சேத்துப் பாக்கறது?

— ஐயோ, என் பொண்ண நானே இன்னா பேச்சு பேசிட்டேன்.

— அழாதம்மா. இப்ப ஒண்ணும் கெட்டுப்போவல. மொத பஸ்ஸுக்கே கூரம் போறேன். ரெண்டையும் சேத்து வெச்சு, இது அவ அண்ணன் கைன்னு காட்டினா அவங்க வாய் அடைச்சிடும். எல்லாம் சரியாப் பூடும், தெரியுமில்ல.

— என் விஷயம் சரியாப் பூடும்ணா. முருகேசன் அண்ணன் கைக்கு எதக் கொண்டுபோயிக் காட்டுவ?