நிழலில் காயும் கதர்

கதர்த் துணியை நிழலில்தான் காயப்போட வேண்டும், சைனபு. வெயிலில் போட்டால் காவி நிறம் முதலில் வெளுத்துவிடும். சோப்பும் கூடாது, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரே போதும். பன்னிரண்டு வருஷம் எங்கள் குடியிருப்பின் தேசியக் கொடியை நான்தான் துவைத்தேன். என் மனைவி டோரீனைக்கூடத் தொட விட்டதில்லை.

டீயைக் குடி, ஆறிவிடும். உன் வாப்பாவின் ரேஷன் கார்டு உறைக்குள் இந்தச் சீட்டு இருந்தது என்கிறாய். ஆமாம், என் கையெழுத்துதான். ‘கிழிந்த கொடியைத் தைக்கக் கூடாது. யார் கண்ணிலும் படாமல், மரியாதையோடு, முழுசாக எரித்துவிட வேண்டும்.’ நான் குமாஸ்தாவாக இருந்த ராணுவ வெடிமருந்துக் கிடங்கு ஆபீசுக்கு ஆங்கிலத்தில் வந்த விதி அது. உன் வாப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும் என்பதால் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

நீ அப்போது பிறந்து மூன்று வருஷம்தான் இருக்கும். எழுபத்தொன்றில் சண்டை வந்தது. இந்தத் தேஹு ரோடு ஊர் முழுக்கத் தேசபக்திதான்; ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். அடுத்த ஜனவரி இருபத்தாறுக்குக் குடியிருப்பே திரண்டு வந்து நின்றது. கயிற்றை இழுத்தது நான். ஆர்தர் சார் இழுத்தால்தான் முடிச்சு சரியாக அவிழ்கிறது என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? பிறகு எமர்ஜென்சியில் பயந்துகொண்டு வந்தார்கள். பயம் தெளிந்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள். எண்பதுக்குப் பிறகு அது இன்னொரு லீவு நாள், அவ்வளவுதான். எட்டு மணிக்குப் பாதிப் பேர் போர்வைக்குள் இருப்பார்கள்.

உன் வாப்பா ஷாகுல் ஹமீது மட்டும் தவறாமல் வந்தார். கடையை அடைத்துவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கை நிறைய ஆரஞ்சு மிட்டாயோடு வருவார். எல்லோருக்கும் சலித்துப்போன ஒன்று ஒரு மனுஷனுக்கு மட்டும் சலிக்கவில்லை என்றால், ஏன் என்று யாராவது கேட்க வேண்டாமா? நான் கேட்டேன். கடையில் ரேடியோவை ஏன் அவ்வளவு மெதுவாக வைக்கிறார்? பக்கத்தில் போய் நின்று கேட்டேன். சிலோன் ரேடியோவில் தமிழ்ப் பாட்டு. சொந்த ஊர் மேலப்பாளையத்திலிருந்து வாரா வாரம் ஏன் கடிதம்? உன் அம்மா சுலைஹா அவற்றை டோரீனிடம் வாசித்தே காட்டியிருக்கிறாள். கல்யாணம், காய்ச்சல், மழை இல்லை. மூன்று வருஷம் இப்படிக் கவனித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றுமே கிடைக்காதபடி நடந்துகொள்ள ஒருவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், நீயே யோசித்துப் பார்.

எண்பத்து நாலு ஜூலையில் குடியிருப்புக் கமிட்டிச் செயலாளர் ஜம்பு வந்தான்.

“சார், இந்தத் தடவை ஷாகுல் பாய் கொடி ஏத்தட்டும். மழையோ வெயிலோ அவருதான் ஒழுங்கா வர்றாரு. நீங்க துவைச்சு மட்டும் குடுத்துடுங்க.”

பேஷாகச் செய்யலாம் என்றேன். துவைத்து, நிழலில் காயவைத்து, மடித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து அன்றைக்கு மழைக்காற்று. உன் வாப்பா கயிற்றை இழுத்ததும் கொடி விரிந்தது. விரிந்த கொஞ்ச நேரத்தில் பச்சைப் பக்கம் ஓரத்திலிருந்து கிழிந்துவிட்டது. நல்ல கதர் அப்படிக் கிழியாது. ஓரத் தையலை நான் நாலு இடத்தில் பிளேடால் பிரித்து வைத்திருந்தேன். இரண்டு கிழவிகள் ‘அபசகுனம்’ என்று முனகியதோடு அது முடிந்திருக்க வேண்டியது. உண்மையில் நான் அவ்வளவுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் அவர் நனைந்துபோய் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, நான் தொட்ட நேரம் இப்படி ஆயிப்போச்சே. சுலைஹாகிட்டக் குடுத்துத் தைக்கச் சொல்லட்டுமா?”

“தைக்கக் கூடாது வே. எரிக்கணும்.”

“அல்லாவே, எரிக்கவா? அதுக்கு எப்படி அண்ணாச்சி மனசு வரும்?”

“அதுதான் மரியாதை. விதிய எழுதித் தாரேன். வெள்ளிக்கெழம தொழுகைக்கு எப்படியும் கடைய அடைப்பீரு. மூணு மணிக்குக் கடைக்குப் பின்னால வச்சு முடிச்சிரும்.”

சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார். கொடியைக் காயவைக்கச் சொல்ல நான் மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். மூன்று மணிக்கு, சாக்கடை அடைத்துக்கிடப்பதைக் காட்டுகிறேன் என்று ஜம்புவைப் பின்சந்துக்குக் கூட்டிப் போனேன். ஈரக் கதர் சட்டென்று எரியாது, புகையும். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “என்ன ஜம்பு, புகை வருது?”

அவன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தான். உன் வாப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தொப்பியோடு, தலை குனிந்து நின்றிருந்தார்.

“அடப்பாவி, ஜண்டாவைக் கொளுத்துறான்யா!”

ஜம்பு அதையே இந்தியிலும் கத்தினான். பத்து நிமிஷத்தில் நாற்பது பேர். கொடியேற்றத்துக்கு வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். அடிக்க நான் கை ஓங்கவில்லை, இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். கூட்டத்துக்குள்ளிருந்து அவர் என்னை ஒருமுறை பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் லாக்கப்பில் போய்ப் பார்த்தேன். விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உங்க பேரச் சொல்லல அண்ணாச்சி. கவர்மெண்டு உத்தியோகம், உங்களுக்கு எதுக்கு வம்பு? நீங்களா அதிகாரிகிட்ட அந்த விதியச் சொன்னா விட்டிருவாக. மூச்சு விட முடியல.”

வெளியே வரும்போது இன்ஸ்பெக்டரே என்னைக் கேட்டார்: பழைய கொடியை எரிக்கலாம் என்று ஏதாவது விதி உண்டா, ஆபீஸ்காரர் நீங்கள், தெரிந்திருக்குமே? அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது. விலா எலும்பு நுரையீரலைக் குத்தியிருந்ததாம். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக உன் அம்மா சொல்லி அழுதாள். நானும்தான் அழுதேன்.

ஏன் செய்தீர்கள் மாமா என்று கேட்கிறாய். சந்தேகம், வேறென்ன? நாம் இருக்கிற இடம் அப்படி. கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் சந்தேகப்படத்தான் வேண்டும். அதுவும் ஒரு தேச சேவைதான்.

நாளை ஆகஸ்ட் பதினைந்து. நாலு வருஷமாகத் திரும்ப நான்தான் ஏற்றுகிறேன். அதோ, பின்கட்டில் புதுக் கொடி காய்கிறது. எட்டு மணிக்கு நீயும் வா. போன வருஷம் நானும் ஜம்புவும் மட்டும் நின்றோம், பார்க்கவே சகிக்கவில்லை. உன் வாப்பா இருந்திருந்தால் கொட்டுகிற மழையிலும் வந்து நின்றிருப்பார். அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை.