விற்காத பங்கு

தொண்ணூற்றொன்றில் ஒரு மத்தியானம், தண்டலம் பஸ் நிறுத்தத்தில் கேட்டது. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையோடு நின்றிருந்த பெரியவர், அதே கம்பெனியின் சீருடையில் இருந்தவரிடம் சொன்னார்:

"இதுல லாபம்னு போட்டிருக்கான். கேட் வரைக்கும் போய்ப் பார்த்தேன், ஸ்டாண்டுல நாலே நாலு சைக்கிள்தான் நிக்குது."

"ஆமா சார். பாதிப் பேரை நிறுத்திட்டாங்க. செஞ்ச மிஷினெல்லாம் குடோன்லயே தூங்கிகினு கீது."

"விக்காத சரக்கும் கடனும் ஏறியிருக்குன்னு இதுலயே தெரியுது. அந்த லாபம் வெறும் காகிதத்துலதான்."

"தெரிஞ்சுமா ஷேரை வெச்சுகினு கீறீங்க? இன்னிக்கே வித்துடுங்க சார்."

பெரியவர் அறிக்கை வந்த தபால் உறையில் டைப் அடித்திருந்த தன் பெயரைத் தடவினார்.

"சம்சாரம் போனப்புறம் என் பேருக்கு வர்ற தபால் இது ஒண்ணுதான்பா. வித்துட்டா இதுவும் வராது."