வாலைத் தூக்கிய ஆறு பேர்

லூப்பே: க்ளாரி, எங்க பாக்கறீங்க?

க்ளாரி: முட்டியை.

லூப்பே: அது எங்கயும் ஓடிப்போகாது. சுவர்ல மஞ்சக் கோடு ஒட்டியிருக்கேன், அதைப் பாருங்க. கைல இருக்கிற பன்னெண்டு கிலோ இரும்பை அந்தக் கோடு வரைக்கும் கொண்டுபோகணும். அவ்வளவுதான் வேலை.

க்ளாரி: எழுபத்தெட்டு வயசு முட்டிம்மா. அப்பப்ப விசாரிக்கலேன்னா கோவிச்சுக்கும்.

லூப்பே: விசாரிச்சாத்தான் ஆடும். நடங்க... நடங்க... ஆங்! ஒரு ஆட்டமில்ல. பாத்தீங்களா ஆல்பி?

ஆல்பி: பாத்தேன்.

லூப்பே: உங்க நண்பர் பிடி குறடு மாதிரி இருக்கு. இந்தக் கையா உங்க சிநேகிதர் வாலோட சவப்பெட்டியை நழுவ விட்டுச்சு? இந்த எச்சூகா ஊரே சொல்லட்டும், நான் நம்பமாட்டேன்.

ஆல்பி: லூப்பே, அது வந்து...

க்ளாரி: விடும்மா. மூணு மாசமா அதே பேச்சு.

லூப்பே: சரி, சரி. அடுத்த உடற்பயிற்சிக் கூட்டம் வாசல்ல நிக்குது, பேர் எழுதிட்டு வரேன். ரெண்டு பேரும் தண்ணி குடிங்க. சண்டை போடாதீங்க.

ஆல்பி: ...க்ளாரி.

க்ளாரி: என்ன?

ஆல்பி: பவுல்ஸ் கிளப்லேர்ந்து விலகறேன்னு கடுதாசி குடுத்துட்டியாமே?

க்ளாரி: குடுத்தாச்சு. நாப்பத்தோரு வருஷம் புல்லுல பந்து உருட்டினது போதும்.

ஆல்பி: சனிக்கிழமை ஆட்டம்டா. நீ இல்லாம...

க்ளாரி: "வழுக்கு க்ளாரி" இல்லாம இன்னும் நல்லா ஆடுவீங்க.

ஆல்பி: அது சும்மா கேலிக்கு...

க்ளாரி: பீர் ஊத்துற பொண்ணு வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுது.

ஆல்பி: தப்பு உன்மேல மட்டுமா? பெட்டியைச் சக்கர வண்டில தள்ளிட்டுப் போகலாம்னு அந்த சவ அடக்கக் கம்பெனி ஆள் எத்தனை தடவை சொன்னான்! வேண்டாம்னது யாரு?

க்ளாரி: ஆறு பேரும். வயசைக் கூட்டினா நானூத்தி அறுபது. வாலை நாங்கதான் தூக்குவோம்னு கிளப் கோட்டு போட்டுக்கிட்டு மார் தட்டினோம்.

ஆல்பி: ரெண்டாவது படியில இடதுபக்கம் சாஞ்சுது...

க்ளாரி: பெட்டி மேல வச்சிருந்த அவன் பந்து உருண்டு, அழகா வளைஞ்சு, அவன் பொண்டாட்டி பெரில் காலடியில போய் நின்னுது. வால் உயிரோட இருந்தப்போ அப்படி ஒரு பந்து போட்டதில்ல.

ஆல்பி: சிரிக்காதடா.

க்ளாரி: அழுதா மட்டும்? மண்டி போட்டு விழுந்தது நான். எல்லாரும் பாத்தாங்க. முடிஞ்சுது.

ஆல்பி: முடியலடா. இடதுபக்கம் முன்னாடி டக்கி. நடுவுல நீ. பின்னாடி...

க்ளாரி: பின்னாடி நீ. தெரியும். மேல சொல்லு.

ஆல்பி: படில கால் வைக்கும்போது முட்டி ஞாபகம் வந்துடுச்சு. மடங்குமா, தாங்குமா... மனசு பூரா முட்டிக்கிட்ட போயிடுச்சு. கைல என்ன இருக்குன்னே...

க்ளாரி: ஆல்பி...

ஆல்பி: குறுக்க பேசாத, அப்புறம் எனக்கு வாய் வராது. கையை விட்டது நான். நீ விழுந்ததும் எல்லாரும் உன்னைப் பாத்தாங்க. நானும் பாத்தேன். அன்னிக்கு சாயங்காலம் கிளப்ல "வழுக்கு"ன்னு முதல்ல சொன்னதும்...

க்ளாரி: டக்கின்னு நினைச்சேன்.

ஆல்பி: நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துது.

க்ளாரி: அந்தத் தண்ணி பாட்டிலை எடு.

ஆல்பி: திட்டுடா. ஏதாவது சொல்லு.

க்ளாரி: மூணு மாசம் உனக்குத் தூக்கம் வந்துதா?

ஆல்பி: சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். பெரில் வீட்டுக்கும் போய்ச் சொல்றேன். நீ கடுதாசியைத் திரும்ப வாங்கிக்கோ.

க்ளாரி: வேண்டாம்.

ஆல்பி: ஏன்டா? உன் பேரு...

க்ளாரி: பெரில்கிட்ட போகாத. சொல்றேன்ல.

ஆல்பி: நீ செய்யாத தப்புக்கு நீ எதுக்குடா கிளப்பை விட்டுப் போகணும்?

க்ளாரி: நீ கையை விட்டா அந்தப் பாரம் யாருக்குடா வந்திருக்கணும்? முன்னாடி நின்ன எனக்கு. வரலையே... சர்ச் வாசல்லேர்ந்தே நான் தூக்கல, ஆல்பி. மத்த அஞ்சு பேரு பாத்துப்பாங்கன்னு, கைப்பிடில விரலை மட்டும் வச்சுக்கிட்டு நடந்தேன். போன ஞாயித்துக்கிழமை பெரில் கேக் சுட்டு எடுத்துக்கிட்டு வந்தா. "யார் என்ன சொன்னாலும், கை மரத்துப்போற வரைக்கும் என் புருஷனைத் தாங்கினது நீங்கதான்"னு சொல்லி அழுதா. நான் ஒண்ணும் சொல்லலடா... ரெண்டாவது துண்டும் கேட்டு வாங்கித் தின்னேன்.