ஒயர் அறுந்தால் கரண்ட் ஏன் கொட்டவில்லை?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கியிருக்கும் பெற்றோர்களே, என் மாணவச் செல்வங்களே, வணக்கம்!

இயற்பியல் மன்ற விழாவில் இனிக்க இனிக்கப் பேசச் சொன்னார்கள். இந்த இயற்பியல் ஆசிரியையின் நாவில் இன்று இனிப்பு இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது.

“கம்பி என்பது குழாய், கரண்ட் என்பது தண்ணீர்.” மின்சாரப் பாடத்தை இப்படித்தான் நடத்துகிறோம். நல்ல உவமை. போன மாதம் எங்கள் துறையில் ஒருவர் அதைச் சொன்னபோது, முதலாண்டு மாணவி எழில்மதி எழுந்தாள். மலையில் அவள் வீட்டுக்கு ஊற்றுத் தண்ணீர் ஓஸ் பைப்பில்தான் வருகிறது. பன்றி அதைக் கடித்துவிட்டால் அன்றைக்கு ஒரு சொட்டும் வராது. அவள் கேட்டாள்:

“ஓஸ் அறுந்தா தண்ணி கொட்டுதுங்க சார். ஒயரு அறுந்தா கரண்ட் மட்டும் ஏங்க கொட்ல?”

எப்பேர்ப்பட்ட கேள்வி! கிடைத்த பதில் என்ன?

“மலையிலேர்ந்து வந்தா இப்பிடித்தான். ஒக்காரும்மா.”

வகுப்பே சிரித்தது. மறுநாள் வகுப்பு வாசலிலேயே பையன்கள், “இன்னா எழிலு, கொடம் எடுத்தாந்தியா? கரண்ட் புடிக்கணும்!” தினமும் இதே பாட்டு. இன்று அவள் அப்பா பழனி, டி.சி. வாங்க வந்து, மகளோடு அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

யாரப்பா அங்கே சிரிப்பது? சிரியுங்கள் தம்பிகளே, சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். கரண்ட் ஏன் கொட்டவில்லை? சொல்லுங்கள்!

உவமையை அவள் ஊரிலிருந்து எடுத்துக்கொள்வோம், கேள்வியை மட்டும் அவள் ஊருக்கே திருப்பி அனுப்புவோமா? எந்த உவமையும் ஓரிடத்தில் உடையும். உடையும் இடத்தில்தான் இயற்பியல் தொடங்கும். அந்த இடத்தைத் தொட்டவளைத் துரத்துவதா? இதுவா கல்வி? இதுவா கல்லூரி?

எழில்மதி, பதில் இதோ. அறுந்த ஓஸின் வாயில் தண்ணீருக்குக் காற்று வழிவிடுகிறது. அறுந்த ஒயரின் முனையில் மின்சாரத்துக்குக் காற்று வழிவிடுவதில்லை. (அதற்காகத் தொட்டுவிடாதீர்கள் தாய்மார்களே, காற்று விடாத வழியை நம் உடம்பு விட்டுவிடும்!) ஆனால் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால்? காற்றும் பிளக்கும். உன் மலைமேல் பார்த்திருப்பாயே, மின்னல்! சிரித்துச் சிரித்து நாம் உட்காரவைத்த பிள்ளைகளின் மனமும் ஒருநாள் அப்படித்தான் வெடிக்கும்!

கைதட்டாதீர்கள். நான் சொன்னதும் உவமைதான். இதுவும் எங்கோ உடையும். எங்கே என்று அவள் வந்து சொல்லட்டும். முதல்வர் அவர்களே, என் மீதி நேரம் அவளுக்கு. பழனி அண்ணே, டி.சி. அப்புறம் பார்த்துக்கலாம், பொண்ண மேடைக்கு அனுப்புங்க.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அதோ, எழுந்து நிற்கிறாளே, அவளுக்கு என் வணக்கம்!