மெஷினுக்கு அந்தப் பக்கம்

அம்மா: கேட்டுச்சா?

மகள்: பாதி கேட்டுச்சு.

அம்மா: எந்தப் பாதி?

மகள்: "முதல் பருவத்தில்" வரைக்கும். அப்புறம் மெஷின் தண்ணிய வெளிய தள்ள ஆரம்பிச்சுடுச்சு.

அம்மா: அப்ப வாக்கியம் நீளம். வெட்டிடலாம். நீ அங்கயே நில்லு, மறுபடி படிக்கிறேன்.

மகள்: அம்மா... இது நீ வேலையில எழுதுற ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு இல்ல. பிஎச்டில என்னென்ன பாடம், எந்தப் பருவத்துல படிக்கப் போறேன்னு உன் கைடுக்கு எழுதுற திட்டம். அவர் ஏசி ரூம்ல உக்காந்து கண்ணால படிக்கப் போறாரு.

அம்மா: கண்ணால படிக்கிறவனுக்கும் மண்டைக்குள்ள ஒரு மெஷின் ஓடிட்டுதான் இருக்கும். நில்லுடி.

மகள்: எனக்குத் தலை நரைக்க ஆரம்பிச்சாச்சு. இன்னும் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னாடி நிக்க வைக்கிற. சின்ன வயசுல மத்த வீட்டுப் பிள்ளைங்க லீவு நாள்ல விளையாடும். நான் "மூன்றாம் நடைமேடை, மூன்றாம் நடைமேடை"ன்னு கத்திட்டிருந்தேன்.

அம்மா: உனக்குக் கேட்டா ஸ்டேஷன்ல எல்லாருக்கும் கேக்கும். அந்தக் காது எங்க ஆபீஸ்லயே கிடையாது.

மகள்: ஐஸ் வைக்காத. வந்து உக்காரு. சாயங்காலத்துக்குள்ள இதை அனுப்பலன்னா உன் சீட்டு போயிடும், ஞாபகம் இருக்கா?

அம்மா: இருக்கு, இருக்கு... காப்பி போடட்டுமா?

மகள்: இப்பதானே குடிச்சோம்!

அம்மா: சரி... எதுல விட்டோம்?

மகள்: ஆராய்ச்சி முறைகள், முதல் பருவம். புள்ளியியலையும் அதுகூடவே போட்டுடலாம்.

அம்மா: புள்ளியியலா? ஐயோ, அதைக் கடைசில தள்ளு. சதவீதம்னாலே எனக்கு ஆகாது.

மகள்: உன் ஆராய்ச்சியே "அறிவிப்பை எத்தனை பேர் கேக்குறாங்க, கேட்டதை எத்தனை பேர் நம்புறாங்க"ங்கிறதுதான். எண்ணாம எப்படிச் சொல்லுவ?

அம்மா: முகத்தைப் பாத்தாலே தெரியும்.

மகள்: முகத்தைப் பாத்தேன்னு ஆய்வேட்டுல எழுத முடியாதும்மா.

அம்மா: சரி, முதல்லயே போட்டுத் தொலை. வேப்பெண்ணெய் மாதிரி ஒரே மடக்கா குடிச்சுடறேன்.

மகள்: அப்படி வா வழிக்கு. அடுத்தது... அவசரகாலத் தகவல் தொடர்பு. கட்டாயப் பாடம்.

அம்மா: அதுதான்... அதை அப்புறம் பாத்துக்கலாமே.

மகள்: அப்புறம்னா? இந்த வருஷம் விட்டா அது மறுபடி வர ரெண்டு வருஷம் ஆகும். வேலையில இருக்கிறவங்களுக்கு ஒதுக்கின இடம் உன்னுது. அதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிடுவ.

அம்மா: அதை நடத்துறது நீ.

மகள்: அதனால என்ன?

அம்மா: சொந்தக்காரங்களுக்கு மார்க் போடக் கூடாதுன்னு விதி இருக்கு. விதி இல்லன்னாலும் நான் உன் வகுப்புல உக்கார மாட்டேன். பொண்ணு டீச்சர், அம்மா ஸ்டூடன்ட், மார்க்கு வீட்டுலயே சமைச்சதுன்னு ஊரே பேசும்.

மகள்: இந்த வருஷம் நான் நடத்தல.

அம்மா: என்னது?

மகள்: எங்க துறையில மூக்குக்கண்ணாடின்னு நாம கிண்டல் பண்ற ஒருத்தர் இருக்காரே, அவர் நடத்துறாரு. கையெழுத்து போட்டுக் குடுத்தாச்சு.

அம்மா: அது நீ கட்டின வகுப்புடி! வேணாம் வேணாம்னு சொன்னவங்க காலைச் சுத்திச் சுத்தி வந்து கொண்டுவந்த பாடம். உன் கல்யாண மேடையில உக்காந்து அந்தப் பாடத்திட்டத்தைத் திருத்துனவ நீ.

மகள்: மேடையில இல்ல. மேக்கப் ரூம்ல.

அம்மா: சிரிக்காத. எனக்காகத்தானே விட்டுக்குடுத்த?

மகள்: அம்மா...

அம்மா: அப்ப நான் சேரல. லேப்டாப்பை மூடு.

மகள்: இதுக்குத்தான் உங்கிட்ட சொல்லாம இருந்தேன்.

அம்மா: எனக்கு முதல்லேருந்தே ஒரு உறுத்தல். இத்தனை இளசுங்க நடுவுல என்னை எதுக்கு எடுத்தாங்க? டீச்சரம்மாவோட அம்மாங்கிற மரியாதைக்குன்னு...

மகள்: நிறுத்து. தேர்வுக் குழுவுல நான் இல்ல. அவங்க உன்னைக் கேள்வி கேட்டப்ப நான் கட்டிடத்துலயே இல்ல, எதிர்த்த கடையில நகத்தைக் கடிச்சுட்டு நின்னேன். ஸ்டேஷனுக்குள்ள வெள்ளம் வந்த அன்னிக்கு நீ எழுதின அறிவிப்பை அவங்களே எடுத்து வச்சிருந்தாங்க.

அம்மா: அதுல என்ன இருக்கு? ரெண்டு வரி.

மகள்: ரெண்டே வரிதான். "பயப்படாதீங்க"ன்னு எழுதல. "ஓடாதீங்க"ன்னு எழுதல. "குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். சுவரைத் தொட்டபடி படிக்கட்டுக்கு நடங்கள்." அவ்வளவுதான். அத்தனை ஜனமும் சுவரைத் தொட்டுட்டே நடந்துச்சு. ஒருத்தரும் விழல. அதை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

அம்மா: கையில ஒரு வேலை இருந்தா மனுஷன் பயத்தை மறந்துடுவான்... அவ்வளவுதான்.

மகள்: இதைச் சொல்ல நாங்க ஒரு புத்தகமே எழுதுவோம்.

அம்மா: நீ என் பொண்ணு. நீ அப்படித்தான் சொல்லுவ. காக்காவுக்கும் தன் குஞ்சு... சரி, இங்க குஞ்சுக்குத் தன் காக்கா.

மகள்: நான் சொன்னா நம்ப மாட்ட.

அம்மா: மாட்டேன். என்னை யாருன்னே தெரியாத ஒருத்தர் சொல்லணும்.

மகள்: ம்...

அம்மா: என்ன ம்?

மகள்: ஒண்ணுமில்ல. சனிக்கிழமை சாயங்காலம் வெளியாட்களுக்கு நான் ஆன்லைன்ல ஒரு வகுப்பு எடுத்தேனே, யார் வேணா சேரலாம்னு... அந்த ஞாபகம் வந்துச்சு. நீ கூட அந்த நேரத்துல போனே எடுக்க மாட்ட.

அம்மா: துணி துவைச்சிட்டிருப்பேன்.

மகள்: அதானே. அதுல வழிப்போக்கர்னு புனைபேர் வச்சுக்கிட்டு ஒருத்தங்க வந்தாங்க.

அம்மா: ஓ... ஆம்பளையா, பொம்பளையா?

மகள்: தெரியாது. கேமரா போட மாட்டாங்க, வாயத் திறக்க மாட்டாங்க. எல்லாம் டைப் பண்ணித்தான்.

அம்மா: எழுதினது சுமாராத்தான் இருந்திருக்கும்.

மகள்: சுமாரா! விபத்துல சிக்கினவங்களோட சொந்தக்காரங்ககிட்ட கெட்ட செய்தியை எப்படிச் சொல்றதுன்னு ஒரு பயிற்சி குடுத்தேன். எல்லாரும் "வருந்துகிறோம்"ல ஆரம்பிச்சாங்க. அவங்க மட்டும் "உங்களுக்காக ஓர் அறை திறந்து வைத்திருக்கிறோம், அங்கே வாருங்கள்"னு ஆரம்பிச்சிருந்தாங்க. படிச்சுட்டு எழுந்து ஜன்னல்கிட்ட போய் நின்னுட்டேன். இத்தனை வருஷத்துல அப்படி ஒரு ஆளைப் பாத்ததில்லம்மா.

அம்மா: நெசமாவா?

மகள்: வகுப்புலயே முதல் மார்க்.

அம்மா: அது... ஆளு யாருன்னு தெரியாமத்தானே போட்ட?

மகள்: சத்தியமா தெரியாம.

அம்மா: தெரியாம... சரி. சரி...

மகள்: ஏன் கண்ணைத் துடைக்கிற?

அம்மா: சோப்புத்தூள் பட்டுடுச்சு.

மகள்: அலமாரியிலேருந்தே பறந்து வந்துச்சா?

அம்மா: வாயாடி. அந்தப் பாடத்தைப் போடு.

மகள்: அவசரகாலத் தகவலா?

அம்மா: அதேதான். முதல் பருவத்துலயே போடு. அந்த மூக்குக்கண்ணாடிகிட்டயே படிக்கிறேன். ஆனா உன் வகுப்பு போச்சேன்னுதான்... எனக்காக நீ இழக்கக் கூடாதுடி.

மகள்: உனக்காகன்னு நான் சொல்லவே இல்லையே.

அம்மா: பின்ன யாருக்காக?

மகள்: வழிப்போக்கருக்காக.

அம்மா: அந்த ஆளுக்கும் உன் வகுப்புக்கும் என்ன சம்பந்தம்?

மகள்: அவங்களும் இந்த வருஷம் பிஎச்டில சேர்றாங்க. நான் நடத்தினா அவங்க உக்கார முடியாது.

அம்மா: அது எப்படி உனக்கு... யாருன்னே தெரியாதுன்னு இப்பதானே சத்தியம் பண்ண?

மகள்: மார்க் போட்டப்ப தெரியாது. எல்லாருக்கும் போட்டு முடிச்சு, கடைசி நாள் ஆளுக்கொரு யோசனை சொல்லச் சொன்னேன். வழிப்போக்கர் டைப் பண்ணாங்க... "அறிவிப்பை எழுதினதும் துணி துவைக்கிற மெஷினைப் போட்டு, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தையை நிக்க வச்சுப் படிங்க. குழந்தை அதைத் திருப்பிச் சொன்னா போதும்"னு. அந்தக் குழந்தைக்கு இப்பவும் காது நல்லாவே கேக்குதும்மா.